விட்டு வைத்த வெள்ளை

சிவப்புச் சாலை வளைகிற இடத்தில் ஓர் அரிசி அளவுக்கு வெள்ளை நின்றுபோயிருந்தது. அதை விட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

பலகையோடு சேர்த்துத் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். மழை விட்டிருந்த மதியம். ஸ்டேஷனரி கடையின் மாடியில் நடக்கும் அந்த ஓவிய வகுப்பில் நனைந்த தாளின் வாசமும், கீழே கடையில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளின் வாசமும், யாருடைய குடையிலிருந்தோ கசிந்த துருவின் வாசமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கண்ணாடிக் குவளைகளில் பிரஷ் தட்டுப்படும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. வெளிச்சத்திலும் அந்த வெள்ளை அப்படியேதான் இருந்தது. சுற்றிலும் சிவப்பு வழுவழுவென்று ஓடியிருக்க, அந்த ஓர் இடத்தை மட்டும் ஈரம் சுற்றி வளைத்துவிட்டுப் போயிருந்தது, ஓடும் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருட்டறைக்குள் உட்கார்ந்து ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா’ என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள். மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனபின் வீடு வெறிச்சென்றாகிவிட்டது. ஸ்கூல் பஸ் ஓட்டும் கணவன்தான், இப்படியே உட்கார்ந்திருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவாய், எதையாவது கற்றுக்கொள் என்று நச்சரித்து இந்த வகுப்பில் சேர்த்துவிட்டான். டீச்சருக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். துணி மில்லில் டிசைன் போட்டுக்கொண்டிருந்து, அது மூடியபின் இங்கே வந்தவள்.

பயிற்சிக்கென்று டீச்சர் ஒரு கட்டு அச்சுப்படங்களை மேசைமேல் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அவள் கை நேராகப் போய் எடுத்தது இந்தப் படத்தை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பல காலத்துக்கு முன் யாரோ எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த நிலக்காட்சி. பெயர் இருந்த ஓரம் கிழிந்துபோயிருந்தது. மஞ்சளிலும் சேராமல் ஆரஞ்சிலும் சேராமல், சீழ் கோத்த புண்போல ஒரு வானம். அதன் கீழே கருநீல மலை. ஒன்றின் காதில் ஒன்று ஏதோ ஓதுவதுபோலச் சாய்ந்து நிற்கும் மூன்று வீடுகள். மலையில் தொடங்கி வீடுகளைச் சுற்றி வளைந்து, பார்க்கிறவரின் காலடிவரைக்கும் வந்து நிற்கும் சாலை, பச்சை இறைச்சியின் சிவப்பில். மருந்துக்குக்கூட ஒரு மனிதர் இல்லை.

இந்த வகை ஓவியர்களை எக்ஸ்பிரஷனிஸ்ட் என்பார்கள், இவர்கள் கண்ணால் பார்த்ததை வரையவில்லை, பார்த்தபோது தங்களுக்குள் என்ன நடந்ததோ அதைத்தான் வரைந்தார்கள் என்று டீச்சர் விளக்கியிருந்தாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரே யோசனை. ஒரு வெறும் சாலையைப் பார்த்து இந்த மனுஷனுக்குள் அப்படி என்ன நடந்திருக்கும்?

டீச்சர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“யாரு அக்கா அது?”

“எது?”

“ரோட்டுல ஒரு ஆள் வர்ற மாதிரி வெள்ளை விட்டிருக்கீங்களே. அசல்ல அப்படி யாரும் இல்ல. ஆனா அழகா விட்டிருக்கீங்க. முதல் மாசத்துல இது யாருக்கும் வராது.”

பிரஷ் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது போல என்று அவள் மழுப்பினாள். டீச்சர் விடவில்லை. எல்லோரும் கேட்கும்படி வழக்கமான பாடத்தை மறுபடி சொன்னாள்.

“வாட்டர் கலர்ல வெள்ளைன்னு ஒரு சாயத்தை நாம தொடுறதே இல்ல. தாளோட வெள்ளைதான் வெள்ளை. எங்க வேணுமோ அங்க பூசாம விட்டு வைக்கணும். அந்த இடத்துல என்ன வரப்போகுதுன்னு கை முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும்.”

அன்று சாயங்காலம் வீட்டில் மேசைமேல் பலகையை வைத்துக்கொண்டு, பிரஷ் முனையில் சிவப்பைத் தொட்டு அந்த அரிசியை நிரப்பினாள். சாயம் சேம்பு இலைமேல் தண்ணீர் விழுந்ததுபோல உருண்டு விலகியது. அழுத்தினாள். பிரஷ் மயிர் விரிந்ததே தவிர ஒரு பொட்டு நிறம் ஏறவில்லை. காய்ந்தபின் பார்த்தால், வெள்ளை முன்பைவிடச் சற்று நீண்டிருந்தது. தலை என்று சொல்ல ஒன்றும், தோள் என்று சொல்ல ஒன்றும் அதற்கு வந்திருந்தன.

விரலில் எண்ணெய்ப் பசை இருந்து தாளில் பட்டிருக்கும், சாயம் ஒட்டாது என்று டீச்சர் போனில் சமாதானம் சொன்னாள். சரிதான் என்று அவளும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தாளை நனைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இழுத்துக் காயவைத்து, முதலில் வெளிர் மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் சிவப்பு என்று சொல்லிக்கொடுத்தபடியே வரைந்தாள். அதே வளைவில் அதே வெள்ளை நின்றது. இன்னொரு தாளிலும் நின்றது.

அவளுக்குத் தொழில் கண். ஆகவே பயம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு என்பதை எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். நரம்பு உள்ளே நுழைகிற அந்த இடத்தில் கண்ணுக்குப் பார்வை கிடையாது. ஆனால் ஓட்டை இருப்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சுற்றியிருப்பதைக் கொண்டு மூளை அதை அடைத்துவிடும். சுவர் என்றால் சுவரால், வானம் என்றால் வானத்தால். போதாததற்கு ஒரு கண்ணின் ஓட்டையை இன்னொரு கண் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வகுப்பில் அச்சுப்படத்தை மேசையில் வைத்து, ஒரு பென்சிலின் முனையைச் சாலையின் மேல் மெல்ல நகர்த்தினாள். இரண்டு கண்களும் திறந்திருந்தன. மலையடிவாரத்தில் முனை தெரிந்தது. முதல் வீட்டின் பக்கத்தில் தெரிந்தது. வளைவுக்கு வந்ததும் இல்லாமல் போனது. மழுங்கவில்லை, மங்கவில்லை. பென்சில் பாதியோடு முடிந்து அதற்கப்பால் சிவப்புச் சாலை மட்டும் இருந்தது. இன்னும் நகர்த்தினாள். முனை மறுபக்கம் வெளியே வந்தது.

பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பென்சில் முழுசாகத்தானே இருக்கிறது, ஏன் கேட்கிறீர்கள் என்றார். அவள் ஒன்றுமில்லை என்று சிரித்தாள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நேர் எதிரே ஓட்டை இருக்கக் கூடாது. அங்கே ஏதோ நிற்கிறது. அதை அவள் கண் பார்க்க மறுக்கிறது. மூளை அதன்மேல் சாலையைப் பூசிவிடுகிறது. கை மட்டும் பூசாமல் விட்டு வைக்கிறது.

கண் டாக்டரிடம் போனாள். நரம்பு, விழித்திரை எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். கணவனிடம் சொன்னபோது அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவளுக்கே கண் போய்விட்டதென்றால் கடை முதலாளி போர்டை இறக்கிவிடுவார் என்று கேலி செய்தான்.

“மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு என்னடான்னா வெளுத்ததெல்லாம் பேயா இருக்கு.”

அவளும் சிரித்துவிட்டாள். அவன் அப்படித்தான், எதையும் பஸ்ஸில் அழும் பிள்ளையைச் சமாளிப்பதுபோலச் சமாளிப்பான். அந்தச் சிரிப்பில் ஒரு நாள் நன்றாகப் போனது.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையின் கோடியில் எழுத்துப் பலகை வெளிச்சம் போட்டு நின்றது. அவர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். அவர் படித்த எழுத்து பலகையில் இல்லை. மூன்றாவது வரி பாதியில் நின்று, மீதி வெறும் வெளிச்சமாக இருந்தது. நான்காவது வரியும் அப்படியே. அதற்குக் கீழும். மேலிருந்து கீழாக ஓர் ஆள் அகலத்துக்கு எழுத்துகள் இல்லை. பெரியவர் தடுமாறாமல் படித்து முடித்துவிட்டு, சரியா என்றார்.

சரி என்றாள். சரியா தவறா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய நாற்காலிக்கும் பலகைக்கும் நடுவில் நடந்துபோய் லைட்டைப் போட வேண்டியிருந்தது. அவள் சுவரோரமாக, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு போனாள். நனைந்த தாளின் வாசம் அடித்தது.

அன்று தலைவலி என்று சொல்லி நேரத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மனதை எதிலாவது வைக்க வேண்டுமே என்று, மாடி ஜன்னலில் உட்கார்ந்து தெருவை வரைந்தாள். அந்த ஓவியன் போலவே வானத்தைப் பழுக்க வைத்து, எதிர்வீட்டைச் சாய்த்து, தெருவைச் சிவப்பாக்கச் சொல்லியிருந்தாள் டீச்சர். சிவப்பு ஓடியது. ஓடி, விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் எதையோ சுற்றிக்கொண்டு போனது. ஆள் உயரம். தோள், தலை. கம்பத்தில் சாய்ந்து நிற்பதுபோல.

நிமிர்ந்து பார்த்தாள். கம்பம் இருந்தது. அதன் பின்னால் மதில் இருந்தது. வேறொன்றும் இல்லை. குடை பிடித்த ஒரு பெண் மதிலோரமாக வந்தாள். கம்பத்தை நெருங்கினாள். இல்லாமல் போனாள். மழை மட்டும் பெய்தது. பிறகு கம்பத்துக்கு இந்தப் பக்கம் அவள் மறுபடி இருந்தாள், குடையைத் தோள் மாற்றிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல.

அடுத்த வகுப்புவரை பொறுக்க முடியாமல் டீச்சரிடம் ஓடினாள். அச்சுப்படத்தை வாங்கி, நின்றபடியே பென்சிலை வைத்து நகர்த்தினாள். மலையடி, முதல் வீடு, வளைவு. முனை மறையவில்லை. இரண்டாம் முறையும் மறையவில்லை. கூர்மையாக, கரி மினுங்க, சாலை முழுவதையும் கடந்து வந்தது.

“இங்க இல்ல,” என்றாள்.

“எது அக்கா இல்ல?”

டீச்சர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அங்கேயே ஒரு தாளில் அந்தச் சாலையை வரைந்து பார்த்தாள் அவள். சிவப்பு மலையிலிருந்து காலடிவரை தடையில்லாமல் இறங்கியது. வளைவில் ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லை. இதுதான்க்கா சரியான வாஷ், நிறம் ஒரே சீரா இறங்கியிருக்கு பாருங்க, கை வந்துடுச்சு என்று டீச்சர் சந்தோஷப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து சாயப் பெட்டியை அலமாரிக்குமேல் தூக்கி வைத்தாள். இனி தொடுவதில்லை என்று முடிவு. ஆனால் தொடாமல் இருப்பது தொடுவதைவிட மோசமாக இருந்தது. எந்தச் சுவர் முழுச் சுவர், எந்தக் கதவின் முன்னால் ஒன்றுமில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாமே முழுசாகத்தான் தெரிந்தன. அதுதான் பயம். கையை நீட்டிக்கொண்டே அறைக்கு அறை நடந்தாள். சமையலறையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால், ஈரத்தாள் காய்ந்து பலகையோடு இறுகும்போது வருமே, அந்தச் சின்ன ‘டக்’ சத்தம் கேட்டது. பலகை எதிலும் தாள் இல்லை. துணி காயப்போடும் கொடியின் பக்கம் கேட்டது. கட்டிலின் கால்மாட்டில் கேட்டது.

“என்ன, வீட்டுக்குள்ளயே தடவிக்கிட்டு நடக்குற?” என்று கணவன் ஒரு நாள் கேட்டான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. மகளை வரச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம், அவள் இங்கே வரவே வேண்டாம் என்று அவள் சொன்ன வேகத்தில் அவன் கையில் எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டான்.

கடைசியில் பெட்டியைக் கீழே இறக்கினாள். எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலாவது அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

மாடிப்படியை வரைந்தாள். படி திரும்புகிற இடத்தில் வெள்ளை. அன்று முழுக்க அவள் கீழே இறங்கவில்லை. மறுநாள் வாசல் கதவை வரைந்தாள். கதவு முழுவதும் நிறம் ஏறியது. நிம்மதியாக மூச்சு விட்டு, கூடத்தை வரைந்தாள். துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே வெள்ளை. முகம் என்று நினைக்கத் தோன்றும் பக்கம் படுக்கை அறையைப் பார்த்திருந்தது.

அதன்பின் வரைவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் ஒன்று, அவன் பஸ் எடுக்கப் போனதும் ஒன்று. அளவான தாள், இரண்டே நிறம், கண் எடுக்காத வேகம். கை தேறிவிட்டது. ஈரத்தின்மேல் ஈரம் வைப்பதும், நிறம் தானாகப் பரவி நிற்கும் இடத்தைக் கணிப்பதும் இப்போது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேற்று அலமாரிப் பக்கம் என்றால் இன்று மேசைப் பக்கம். அவள் அதற்கேற்ப நாற்காலியை மாற்றிப்போட்டுக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து குடித்தனம் நடத்துவதுபோல.

அன்று வானம் மதியத்திலிருந்தே மூடிக்கிடந்தது. மழைக்காகப் பள்ளிகளைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தபோது கணவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. பேப்பருக்குக் கீழே மடித்த கால்.

சீக்கிரம் விட்டுட்டாங்களா என்றாள்.

“ம்.”

காப்பி போடட்டுமா என்றதற்கும் அதே ‘ம்’. களைத்து வந்திருப்பான். அவன் கூட இருக்கிற தைரியத்தில் அவள் நிதானமாகப் பலகையை மடியில் சாய்த்து, தாளை நனைத்து, கூடத்தை வரையத் தொடங்கினாள். சுவருக்கு மஞ்சள். ஜன்னலுக்கு வெளியே கனத்த வானம், அதற்கு அந்த ஓவியனின் சீழ் நிறம். தரைக்குச் சிவப்பு. மேசைப் பக்கம் நிறம் ஏறியது. அலமாரிப் பக்கம் ஏறியது. ஜன்னலோரமும், கதவோரமும். எங்கும் வெள்ளை இல்லை. நாற்காலியில் இருந்தவனை மட்டும் கடைசிக்கு விட்டு வைத்திருந்தாள், யாரும் அப்படித்தானே வரைவார்கள்.

அது போய்விட்டது என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் கோத்தது. இவனிடம் சொல்ல வேண்டும்.

பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்துச் சட்டையில் வைத்தாள்.

நீலம் உருண்டு விலகியது.

மறுபடி வைத்தாள். உருண்டது.

கீழே தெருவில் பஸ் ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம். யாரோ நடுவழியில் நிறுத்திவிட்டுப் போன பைக்கைப் பற்றி ஒரு குரல் சலித்துக்கொண்டது. எடுக்கச் சொன்னது. சிரித்தது. அவள் கணவனின் குரல். இன்ஜின் அணைந்தது.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

நிமிர்ந்தால் அவன் இருப்பான். நீலச் சட்டையோடு, மடித்த காலோடு, அவள் பார்க்க விரும்பிய எல்லாவற்றோடும்.

எதிரே பேப்பர் மடிகிற சத்தம். மெதுவாக. மடிப்பை விரலால் நீவுகிற சத்தம்.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

“என்னங்க,” என்று கத்த வாயைத் திறந்தாள். எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது? மேலே வரச் சொல்வதா, வராதே என்பதா?

மடியில் தாள் ஈரமாக இருந்தது. நடுவில் இருந்த வெள்ளை அசைந்தது. நாற்காலியின் வடிவத்தை விட்டு எழுந்தது. தோள் அகன்றது. சிவப்புத் தரை அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. மஞ்சள் சுவர் ஒதுங்கியது. ஜன்னலும் அதன் வானமும் ஒதுங்கின. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளிம்பை நோக்கி ஓடின.

நனைந்த தாளின் வாசம். மூக்குக்குப் பக்கத்தில்.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

சேறாகக் கலந்த நிறங்கள் நான்கு ஓரத்திலும் தேங்கி, டேப்பின் மேல் ஏறி, அவள் முழங்காலில் சொட்டத் தொடங்கின. நடுவில் ஒன்றும் மிச்சமில்லை.

தாள் முழுக்க வெள்ளை.